மூன்றாம் மதிப்பீட்டாளர்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். வலது காதும் நலம். இடது காது பழையபடி பேருக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீ, உன் மனைவி, சின்னவன் எல்லாரும் சுகம்தானே?

போனில் உன் குரல் எனக்குப் பாதிதான் வந்து சேர்கிறது. மின்னஞ்சல் போட்டால் நீ இரண்டு வரியில் கை கழுவிவிடுகிறாய். அதனால்தான் தபால்காரருக்கு வேலை வைக்கிறேன், பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். அரசாங்கம் இந்த வருஷமும் ஒரு நிதி அறிவித்திருக்கிறதே, பார்த்தாயா? போன வருஷம் என் கண்ணில் படவில்லை. குழுவுக்கு இல்லை, நிறுவனத்துக்கு இல்லை, தனி ஒரு விஞ்ஞானிக்கு ஐந்து வருஷம். அறிவிப்பை நாலு முறை படித்தேன். "துணிந்த யோசனைகளுக்கான நிதி இது. தோற்கக்கூடிய ஆய்வுகளையே எதிர்பார்க்கிறோம். முன்னோட்டத் தரவு தேவையில்லை" என்று அச்சடித்திருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக என்னைப் பார்த்து யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. மதிப்பிடுகிறவர்களுக்கு நம் பெயர் தெரியாது, நமக்கும் அவர்கள் பெயர் தெரியாது. பிப்ரவரி பத்தாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும்.

என் சுவர்க் கதையைத்தான் எழுதுகிறேன். உனக்குக் காது புளித்திருக்கும், இருந்தாலும் கேள். கோழிக்கு, மீனுக்கு எல்லாம் காதுக்குள் கேட்கும் செல் செத்தால் பக்கத்துச் செல் அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. நமக்கும் எலிக்கும் அப்படி நடப்பதில்லை. ஒரு செல் செத்த சில மணி நேரத்தில் அக்கம்பக்கத்துச் செல்கள் ஓடி வந்து, சுவரில் செங்கல் விழுந்த இடத்தைப் பூசுவதுபோல், அந்த ஓட்டையைப் பூசி அடைத்துவிடுகின்றன. எல்லாரும் அந்தச் செல்களை வளரச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். நான் சொல்வது, முதலில் அந்தப் பூச்சு வேலையை நிறுத்துங்கள். ஒரு ஜெல்லை வைத்து ஓட்டையை மூன்று நாலு நாள் மூடவிடாமல் வைத்திருந்தால், வேறு வழியில்லாமல் பக்கத்துச் செல் அந்த வேலையை ஏற்கும். ஏற்காமலும் போகலாம். அதைப் பார்க்கத்தான் நிதி கேட்கிறேன்.

ஆய்வகத்துக்கு இப்போதுள்ள அனுமதி ஜூன் கடைசியோடு முடிகிறது. இது வராவிட்டால் கூண்டுகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் இயக்குநர். நம் மேஸ்திரி, அதுதான் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, அன்றிலிருந்து இயக்குநருக்கு வணக்கம் சொல்வதில்லை.

அப்பாவுக்கு ஐம்பதில் காது போனது. எனக்கு நாற்பத்தாறில். உனக்கு இப்போது நாற்பத்திரண்டு. காதுப் பரிசோதனை செய்துகொண்டாயா? அதை மட்டும் எழுது.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லாரும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். சின்னவனுக்குச் சளி பிடித்துவிட்டது, அவ்வளவுதான்.

உன் கடிதத்தைப் பார்த்து என் மனைவி சிரித்து மாய்ந்துவிட்டாள். மூலையில் பக்க எண் 112, தாள் முழுக்கக் கட்டம். ஆய்வகக் குறிப்பேட்டையா கிழித்து எழுதுகிறாய்? அதுவும் பேனாவை அழுத்துகிற அழுத்தில் பின்பக்கம் தடவினாலே படிக்கலாம் போலிருக்கிறது. இங்கே என் ஆய்வகத்தில் நாங்கள் காகிதத்தை விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது, எல்லாம் கணினிதான்.

கட்டாயம் விண்ணப்பி. தயங்காமல் எழுது, பாதுகாப்பாக எழுதாதே. உன்னை மாதிரி ஆட்களுக்குத்தான் இந்த நிதியே. உனக்குக் கிடைக்காவிட்டால் வேறு யாருக்குக் கிடைக்கும்? அந்தச் செங்கல் சுவர் படத்தைக் கையால் வரைந்து இரண்டாம் பக்கத்தில் போடு. நீ மாணவர்களுக்குப் பலகையில் போடுவாயே, அதேதான். படிக்கிறவர்களுக்குச் சட்டென்று புரியும்.

அன்புள்ள,
தம்பி

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். சளி போயிற்றா? காதுப் பரிசோதனையைப் பற்றிக் கேட்டேன், அதைச் சளியில் மூடிவிட்டாய்.

குறிப்பேட்டுத் தாளைக் கிண்டல் செய்கிறாயா? கடிதத்தாள் வாங்கக் கடைக்கு யார் போவது? தேதியும் பக்க எண்ணும் இல்லாத தாளில் எழுதினால் எனக்குப் பொய் எழுதுவதுபோல் இருக்கிறது. அழுத்தம் என்றால், அடியில் இருக்கும் மஞ்சள் தாள்வரை பதிய வேண்டும் என்று இருபது வருஷம் எழுதிய கை. இனிமேலா மாறும்?

விண்ணப்பத்தைப் பிப்ரவரி ஒன்பதாம் தேதி கொடுத்துவிட்டேன். நீ சொன்னபடி சுவரை இரண்டாம் பக்கத்தில் வரைந்தேன்.

இப்போது ஒரு கெட்ட செய்தி, உனக்கு மட்டும். சும்மா இருக்க முடியாமல் இங்கே முதல் சுற்றை ஆரம்பித்தேன். பதினாலு எலி. எனக்குப் போனது இடது காது என்பதாலோ என்னவோ, அவற்றுக்கும் இடது காதில்தான் கைவைத்தேன். இரண்டு நாள் சமர்த்தாக இருந்தன. மூன்றாம் நாள், அதாவது மார்ச் மூன்றாம் தேதி காலை, மேஸ்திரி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பதினொரு எலி இடப்பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்தன. "எதையோ தொலைச்சிட்டுத் தேடுற மாதிரி சுத்துதுங்கம்மா" என்றாள்.

தப்பு என்னுடையது. ஜெல் தண்ணீராக இருந்திருக்கிறது. அது கேட்கும் பகுதியில் நிற்காமல், உடம்பை நிமிர்த்திப் பிடிக்கும் பகுதிக்கு வழிந்துவிட்டது. கெட்டியாகக் காய்ச்சி மறுபடி பார்க்கப் போகிறேன். இது சரியாகும்வரை யாரிடமும் சொல்லப்போவதில்லை. மேஸ்திரிக்கும் எனக்கும் இப்போது உனக்கும்தான் தெரியும். உன்னிடம் சொல்லிவிட்டதில் பாதி பாரம் குறைந்தது.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். ஒரு அலுவல் வேலை வந்து சேர்ந்தது. வெளியில் சொல்லக்கூடாத வகை. முதல் முறையாக என்னையும் ஒரு ஆளாக மதித்துக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அந்த நிதியைப் பற்றி அதிகமாக நம்பிக்கை வளர்த்துக்கொள்ள வேண்டாம். இப்படிப்பட்ட தேர்வுகளில் எது எப்படிப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வேறு வழிகளையும் யோசித்து வையுங்கள்.

வீட்டில் எல்லாரும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

தம்பி

மே 6

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம், எலிகள் உட்பட. உனக்குத்தான் உடம்பு சரியில்லையோ என்று சந்தேகம். ஐம்பத்துமூன்று நாள் கழித்து பத்து வரி எழுதியிருக்கிறாய், அதில் என்னை "நீங்கள்" போட்டிருக்கிறாய். அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து என்னை நீ, வா, போ என்றவன். பெரிய மனுஷன் ஆகிவிட்டால் அக்காவுக்கும் மரியாதை கூடிவிடுமா?

என்ன ரகசிய வேலையோ, எனக்கு அது வேண்டாம். சந்தோஷம்தான். ஆனால் எலிகள் என்னவாயின என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கெட்டி ஜெல் வேலை செய்கிறது! இரண்டாம் சுற்று, பன்னிரண்டு எலி, இன்றோடு பதினெட்டு நாள். ஒன்றுகூடச் சுற்றவில்லை. ஓட்டை நாலு நாள் திறந்தே நின்றது. மேஸ்திரி தினமும் காலையில் கூண்டு முன்னால் உட்கார்ந்து "யாராவது சுத்துனீங்க, தொலைச்சிடுவேன்" என்று மிரட்டிவிட்டுத்தான் தீனி போடுகிறாள்.

பக்கத்துச் செல் வேலையை ஏற்றதா இல்லையா என்பதற்கு இன்னும் ஆறேழு மாதம் வேண்டும். அதற்குத்தான் அந்த நிதி. இருபதாம் தேதி மதிப்பீட்டுக் கூட்டம் என்று கேள்விப்பட்டேன்.

காதுப் பரிசோதனை?

அன்புடன்,
அக்கா

ஜூன் 2

பெறுநர்: விண்ணப்ப எண் 0417
பொருள்: தனி ஆய்வாளருக்கான துணிகர ஆராய்ச்சி நிதி – முடிவு தெரிவித்தல் – தொடர்பாக

ஐயா / அம்மையீர்,

தங்கள் விண்ணப்பம் உரிய கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டது. அது தெரிவு செய்யப்படவில்லை என்பது வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது. மதிப்பெண்கள் பத்துக்கு: முதலாம் மதிப்பீட்டாளர் 9, இரண்டாம் மதிப்பீட்டாளர் 9, மூன்றாம் மதிப்பீட்டாளர் 4. மூவரில் எவரேனும் ஐந்துக்குக் கீழ் அளித்தால் விண்ணப்பம் அடுத்த நிலைக்குச் செல்லாது என்பது விதி.

மூன்றாம் மதிப்பீட்டாளரின் குறிப்பு: "யோசனை சுவாரஸ்யமானது. ஆனால் வெற்றி பெறும் என்பதற்கு முன்னோட்டத் தரவு இல்லை. மேலும் இம்முறையைக் கையாண்டால் மூன்றாம் நாளில் விலங்குகள் இடப்புறமாகச் சுற்றத் தொடங்கும் என்பதை விண்ணப்பதாரர் எங்கும் குறிப்பிடவில்லை. விண்ணப்பத்தின் நம்பிக்கை அதன் ஆதாரத்தைவிடப் பெரிதாக உள்ளது."

மதிப்பீட்டாளர் எவருக்கேனும் விண்ணப்பதாரருடன் உறவோ தொடர்போ இருந்து அது மறைக்கப்பட்டிருப்பின், உரிய சான்றுடன் மேல்முறையீடு செய்யலாம். ஆகஸ்ட் 1 மாலை 5 மணிக்குள் அலுவலகத்தில் கிடைக்குமாறு செய்ய வேண்டும். பின்னர் வருபவை ஏற்கப்படமாட்டா.

இங்ஙனம்,
நிதிப் பிரிவு

ஜூன் 10

தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நான் நலமில்லை. முடிவு வந்துவிட்டது. அதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், நிதானமாகப் படி.

எட்டு நாளாக ஆத்திரம் அடங்கவில்லை. தோற்கக்கூடிய ஆய்வு கொண்டுவா என்று கூப்பிட்டு, வந்தவளிடம் ஜெயிக்கும் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்கிறார்கள். முன்னோட்டத் தரவு வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, முன்னோட்டத் தரவு இல்லை என்று மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள். ஆதாரம் கையில் இருந்தால் நான் ஏன் இந்த வாசலுக்கு வருகிறேன்? ஆபத்தில்லாத வேலை செய்கிறவனுக்கு ஊரெல்லாம் நிதி இருக்கிறது. நான் மேஜையைக் குத்தியதில் ஒரு கண்ணாடிக் குடுவை உடைந்தது. மேஸ்திரி பெருக்கிக்கொண்டே, "அந்த மூணாவது ஆளு வீட்டு விலாசம் குடுங்கம்மா, நான் போய்க் கேக்குறேன்" என்றாள்.

ஒன்பது, ஒன்பது, நாலு. முகம் தெரியாத இரண்டு பேர் என் யோசனையைப் படித்து நம்பியிருக்கிறார்கள்.

மூன்றாமவரின் குறிப்பை மட்டும் இன்னொரு தடவை படி. எந்தக் காது என்று விண்ணப்பத்தில் நான் எழுதவில்லை. எத்தனையாம் நாள் என்று எழுதவில்லை. எழுதியிருக்கவும் முடியாது. விண்ணப்பம் கொடுத்தது பிப்ரவரி ஒன்பது, எலிகள் சுற்றியது மார்ச் மூன்று.

ஒரே ஒரு கேள்வி. என் மார்ச் ஆறாம் தேதிக் கடிதம் உன்னிடம் பத்திரமாக இருக்கிறதா?

அக்கா

ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மிகவும் வருத்தமாக இருக்கிறது. உன் மனநிலை எனக்குப் புரிகிறது. மூன்றாமவருக்கும் அவர் பக்கத்தில் ஏதாவது நியாயம் இருந்திருக்கும். இந்தத் துறையில் சமநிலைப் பகுதி பாதிக்கப்படும் என்பதை யார் வேண்டுமானாலும் ஊகிக்கலாம் அல்லவா? கோபத்தில் எதையும் முடிவு செய்யாதே. அடுத்த வருஷம் சின்னதாக, நிச்சயமாக முடியக்கூடிய ஒரு திட்டத்தோடு வேறு இடத்தில் விண்ணப்பிக்கலாம். நானே எழுதித் தருகிறேன்.

மார்ச் கடிதத்தைத் தேடினேன். வீட்டுக்கு வெள்ளையடித்தபோது எல்லாவற்றையும் இடம் மாற்றியதில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

சின்னவன் அத்தையைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புள்ள,
தம்பி

ஜூலை 4

தம்பி,

பூசி மெழுகாதே. சமநிலை கெடும் என்று யாரும் ஊகிக்கலாம், சரி. இடப்பக்கம் என்றும் மூன்றாம் நாள் என்றும் யார் ஊகிப்பார்கள்? அதை ஒரே ஒரு ஆளுக்குத்தான் எழுதினேன். தபால் உறையை ஒட்டும்போது, பாதி பாரம் குறைந்தது என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் எனக்கு நம்பிக்கை வரவில்லை. நீ வேறு யாரிடமாவது பேச்சுவாக்கில் சொல்லி, அது மூன்றாமவர் காதுக்குப் போயிருக்கும் என்று உனக்காக நானே சப்பைக்கட்டுக் கட்டினேன். பிறகுதான் ஏப்ரல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். ரகசிய வேலை. நம்பிக்கை வளர்த்துக்கொள்ள வேண்டாம். நீங்கள். என் விண்ணப்பத்தை மேஜையில் வைத்துக்கொண்டு அந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறாய்.

நாலு போட்டதற்காகக்கூட இவ்வளவு வயிறு எரியாது. என் யோசனை மட்டம் என்று நீ நினைத்தால் நாலு போடு, மூன்று போடு, அது உன் வேலை. ஆனால் அந்த நாலுக்குக் காரணம் தேட என் கடிதத்தில் கைவிட்டாயே! சரிசெய்துவிட்டேன் என்று மே ஆறாம் தேதியே எழுதினேன். கூட்டம் மே இருபதில் நடந்தது. நெஞ்சில் கைவைத்துச் சொல், அந்தக் கடிதம் கூட்டத்துக்கு முன்னால் உனக்குக் கிடைத்ததா இல்லையா?

இரண்டே வழிதான். நிதிப் பிரிவுக்கு நீயே ஒரு வரி எழுது: விண்ணப்பதாரர் என் அக்கா, அதை நான் மறைத்தேன். மறுபடி வேறு மூன்று பேரிடம் அனுப்புவார்கள், எனக்கு அது போதும். எழுதக் கை வராவிட்டால் என் மார்ச் கடிதத்தைத் திருப்பி அனுப்பு, நான் கொடுத்துக்கொள்கிறேன். அது தொலையவில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கெடு ஆகஸ்ட் ஒன்று. இயக்குநரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அதுவரை கூண்டுகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன்.

அக்கா

ஜூலை 15

அக்கா,

ஆமாம். நான்தான்.

பெயர் இல்லாமல்தான் வந்தது. இரண்டாம் பக்கத்தில் சுவரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. வரையச் சொன்னதே நான்தானே. படிவத்தில் முதல் கேள்வி, விண்ணப்பதாரரை உங்களுக்குத் தெரியுமா என்பது. ஆம் என்று போட்டிருந்தால் வேறு ஆளுக்குப் போயிருக்கும். இல்லை என்று போட்டேன். சத்தியமாக உனக்கு உதவத்தான் போட்டேன். ஒன்பது கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

பிறகு பயம் பிடித்துக்கொண்டது. யாராவது கண்டுபிடித்தால், அக்காவுக்கு ஒன்பது போட்டான் என்பார்கள். அதனால் மற்றவர்களைவிட உன்னிடம் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. குறை தேடினேன், விண்ணப்பத்தில் கிடைக்கவில்லை. உன் கடிதம் மேஜை இழுப்பறையில் இருந்தது. மற்ற இருவரும் ஆறு, ஏழு போடுவார்கள், எப்படியும் வராது, என் நாலால் எதுவும் மாறாது என்று சொல்லிக்கொண்டேன்.

உன் மே கடிதம் கூட்டத்துக்கு முன்பே கிடைத்தது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். ஒன்பது, ஒன்பது என்று படித்ததும் தலைவர் என்னைப் பார்த்து, "நீங்க மார்க்கை மாத்த விரும்புறீங்களா?" என்று கேட்டார். ஜெல் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது எனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை. அரை நிமிஷம் பார்த்துவிட்டு அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. போன வருஷம் இதே நிதிக்கு நானும் விண்ணப்பித்தேன், உன்னிடம் சொல்லவில்லை. "பத்திரமான வேலை, புதிதாக எதுவுமில்லை" என்று மூன்று பேரும் எழுதினார்கள். உன்னுடையதைப் படித்தபோது அது நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வெளியே தெரிந்தால் என்னை எல்லாக் குழுக்களிலிருந்தும் விலக்குவார்கள். ஐந்து வருஷம் நானும் எதற்கும் விண்ணப்பிக்க முடியாது. என்னிடம் ஆறு மாணவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடு. நானே எழுதுகிறேன், இல்லையென்றால் உன் கடிதத்தை அனுப்பிவைக்கிறேன். கெடுவுக்குள் கட்டாயம் செய்கிறேன், என்னை நம்பு.

ஆறு மாதமாக இடது காதில் ஒரு இரைச்சல் இருக்கிறது. பரிசோதனைக்குப் போகப் பயமாக இருக்கிறது. அதனால்தான் நீ கேட்டபோதெல்லாம் பதில் சொல்லவில்லை.

தம்பி

ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ கேட்ட மார்ச் கடிதம் கிடைத்துவிட்டது, இத்துடன் இணைத்திருக்கிறேன். நிதிப் பிரிவுக்கு நானே எழுதப் பலமுறை உட்கார்ந்தேன், முடியவில்லை. கெடுவுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. உனக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் செய். நான் தடுக்கவில்லை.

தம்பி

ஆகஸ்ட் 5

தம்பிக்கு,

உன் உறை நேற்றுப் பகல் வந்து சேர்ந்தது, ஆகஸ்ட் நாலு. உள்ளே கடிதத்தில் ஜூலை 22 என்று எழுதியிருக்கிறாய். உறையின் மேல் தபால் முத்திரை ஜூலை 31. உன் ஊரிலிருந்து இங்கே வர நாலு நாள் ஆகும் என்று இத்தனை மாதமாக எழுதுகிற இரண்டு பேருக்கும் தெரியும். கெடு முடிந்த பிறகு வந்து சேரட்டும் என்று கணக்காகப் போட்டிருக்கிறாய். அனுப்பினேன், தபால்காரன் தாமதித்துவிட்டான் என்று உனக்கு நீயே சொல்லிக்கொள்ள ஒரு வழி. மாணவன் ஒருவன் ஆய்வுப் பதிவில் தேதியை மாற்றி எழுதினான் என்று அவனை ஆய்வகத்தை விட்டே அனுப்பியவன் நீ.

காகிதத்தை விட்டு ஒன்பது வருஷம் ஆயிற்று என்றாய் அல்லவா? அதனால் மறந்திருப்பாய். குறிப்பேட்டில் எழுதும்போது மேலே உள்ள வெள்ளைத் தாள்தான் கிழிந்து வரும். அடியில் மஞ்சள் தாளில் எழுத்துக்கு எழுத்து பதிந்து, அது ஏட்டோடேயே இருக்கும். மாதக் கடைசியில் அலுவலகத்தில் ஒவ்வொரு மஞ்சள் தாளிலும் தேதி முத்திரை குத்தி வாங்க வேண்டும், அதுவும் இங்கே விதி. உனக்கு நான் எழுதிய எல்லாமே அப்படித்தான் இருக்கின்றன. பக்கம் 131, மார்ச் 6, "உனக்கு மட்டும்" என்று ஆரம்பிக்கும் வரி உட்பட.

பிறகு ஏன் கடிதத்தைக் கேட்டாய் என்பாய். நீயாகச் செய்ய வேண்டும் என்றுதான் கேட்டேன். வேறொன்றுமில்லை. உன் ஜூலை 15 கடிதம் ஒன்றே போதும், ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அது கிடைத்த மறுநாளே ரயில் ஏறியிருக்கலாம். என்னை நம்பு என்று எழுதியிருந்தாயே, நம்பித் தொலைத்தேன்.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி காலை பதினொரு மணிக்கே நிதிப் பிரிவுக்குப் போய்விட்டேன். உன்னிடமிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். பார்த்துவிட்டு இல்லை என்றாள். வாசலைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒருவேளை நீ நேரிலேயே வருவாய் என்று ஒரு எண்ணம். பகல் தபால் வந்தது, அதிலும் இல்லை. நாலரைக்கு அந்தப் பெண் எழுந்து வந்து, எனக்குக் காது சரியில்லை என்று புரிந்துகொண்டு, முகத்துக்கு நேரே குனிந்து, "அம்மா, இன்னும் அரைமணி நேரம்தான் இருக்கு. குடுக்குறதா இருந்தா குடுத்துடுங்க" என்றாள். நாலு ஐம்பதுக்குக் கொடுத்தேன். மஞ்சள் தாள், உன் ஏப்ரல் கடிதம், உன் ஜூலை கடிதம், மூன்றும். அவள் முத்திரை குத்தி ரசீது கொடுத்தாள். படியிறங்கும்போது அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். துக்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகம், இப்போதும் அடங்கவில்லை. மூன்று பேரில் என்னை நம்பாத ஒரே ஆள் என்னோடு பிறந்தவன்.

மேல்முறையீட்டை ஏற்றதாக நேற்று மின்னஞ்சல் வந்தது. விண்ணப்பம் புதிதாக மூன்று பேருக்குப் போகிறது. மூன்று மாதம் ஆகுமாம். அதுவரை கூண்டுகள் இருக்கட்டும் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். இன்று காலை மேஸ்திரி அவருக்கு வணக்கம் வைத்தாள்.

உன் மாணவர்களில் யாருக்காவது இடம் இல்லாமல் போனால் இங்கே அனுப்பு. அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. உன் மனைவியிடமும் சின்னவனிடமும் என் அன்பைச் சொல். நான் ஏன் வருவதில்லை என்று அவன் கேட்டால் நீயே காரணம் சொல்லிக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள். இந்த வாரமே காதுப் பரிசோதனைக்குப் போ, இனியும் தள்ளிப்போடாதே. இன்னும் பதினைந்து நாளில் உன்னை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். விண்ணப்பதாரர் உங்களுக்கு யார் என்று அவர்கள் கேட்கும்போது, காதில் விழவில்லை என்று நீ சொல்லக் கூடாது.

அக்கா